வீட்டுப் பாட்டுக்கு ஒரு காது வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், வீட்டிலேயே பாட்டு தயாரிப்பவர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஒரு கணினி, ஒரு மைக், ஒரு ஹெட்போன் இருந்தால் யாரும் பாப் பாட்டு செய்து வெளியிடலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அது உண்மைதான். நானே அப்படி ஒரு பாட்டைச் செய்தவள். ஆனால் அந்தப் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். சிறுவயதில் 4 வருடம் பாட்டு கற்றதோடு சரி, மற்றதெல்லாம் கேள்வி ஞானம். என் பாட்டின் நீளம் 3 நிமிடம் 12 விநாடி. வரிகள், மெட்டு, தாளம், குரல், ஒலிக்கலவை எல்லாம் என் கையால் ஆனவை. வேலை முடிந்து வந்து, வீடு உறங்கிய பிறகு உட்கார்ந்து ஏழு மாதங்களில் முடித்தேன். முடித்த இரவே 9 பேருக்கு அனுப்பினேன்.

ஒன்பது பேரில் ஏழு பேர் ஒரே பதிலைத்தான் எழுதினார்கள்: "நன்றாக இருக்கிறது." என் தம்பி "அக்கா, அருமை!" என்று சேர்த்துக்கொண்டான். நான் அனுப்பி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. பாட்டோ மூன்று நிமிடம்! அவர்கள் யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை. அன்பினால் வந்த சொல் அது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு விநாடியைக்கூட என்னால் திருத்த முடியவில்லை. எங்கள் கூடத்துக்கு வரும் மாதிரியைப் பார்த்துவிட்டு "ரத்தம் நன்றாக இருக்கிறது" என்று நாங்கள் எழுதித் தருவதில்லை. எது, எவ்வளவு, எந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்று எழுதுகிறோம். அப்படி எழுதினால்தான் மருத்துவர் ஏதாவது செய்ய முடியும். பாட்டுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

மீதி இருவரில் ஒருவர் "ஏதோ குறைகிறது" என்றார். இன்னொருவர் "குரல் சரியில்லை" என்றார். அதைப் படித்துவிட்டு மூன்று நாள் பாட்டைத் திறக்காமல் இருந்தேன். குரலில் எது சரியில்லை? சுருதியா, உச்சரிப்பா, மைக்கில் பதிந்த விதமா, இசைக்கு மேல் குரல் எழும்பவில்லையா? இவை நான்கும் வெவ்வேறு நோய்கள், வெவ்வேறு மருந்து. கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாதது அவர் குற்றம் அல்ல. நான்தான் சரியான கேள்வியைக் கேட்கவில்லை என்று பிறகு புரிந்துகொண்டேன்.

நீயே கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டியதுதானே என்று சிலர் கேட்கலாம். முடியாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் நம் காதுக்கு வருவதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது. எலும்பு வழி வரும் ஒலியில் கீழ் ஒலிகள், அதாவது தாழ்ந்த, கனத்த ஒலிகள் கூடுதல். அதனால் பதிவில் கேட்கும் நம் குரல் நமக்கு மெலிந்ததாக, யாரோ ஒருவருடையதாகப் படுகிறது. அந்த அன்னியத்தைப் போக்குவதற்காக என் குரலில் கீழ் ஒலிகளை ஏற்றிக்கொண்டே போனேன். கேட்பவர்களுக்கோ அது போர்வைக்குள் இருந்து பாடுவதைப் போல இருந்திருக்கிறது. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. வரிகளை எழுதியவளே நான். சொல் காதில் விழாவிட்டாலும் என் மனம் அதை இட்டு நிரப்பிக்கொள்கிறது. என் பாட்டின் சொற்கள் விளங்குகின்றனவா என்று உலகத்திலேயே சொல்ல முடியாத ஒரே ஆள் நான்தான்.

இதை எனக்குக் காட்டியது என் அக்காவின் மகள். பதினொரு வயது. பாட்டைக் கேட்டுவிட்டு, "சித்தி, மாலை எப்படி இறங்கும்?" என்று கேட்டாள். என் பல்லவி "மலை இறங்கும் வெயிலே" என்று தொடங்குகிறது. மலையிலிருந்து இறங்கும் வெயில். ஆனால் மெட்டு முதல் எழுத்தில் ஒன்றரைத் தட்டு நிற்கிறது. நிற்கும் இடத்தில் குறில் நெடிலாகிவிட்டது. மலை, மாலை ஆகிவிட்டது. "மாலை இறங்கும் வெயிலே" என்றாலும் ஒரு பொருள் வந்துவிடுவதால் பெரியவர்கள் யாருக்கும் உறுத்தவில்லை. வேறொரு பாட்டை அவர்களாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, "கேட்பதை அப்படியே எழுது கண்ணே, புரியாத இடத்தில் கோடு போடு" என்றேன். இதை வீட்டில் பாட்டு செய்யும் ஒவ்வொருவருக்கும் கைகூப்பிச் சொல்கிறேன், இதைவிடச் சிறந்த சோதனை இல்லை. முதல் சரணத்தில் மட்டும் ஐந்து கோடு. பல்லவியின் இரண்டாம் பாதி "மனம் இறங்கவில்லையே" என்பது. அவள் "மனம் இறங்க" என்று எழுதிக் கோடு போட்டிருந்தாள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று விளங்கியது. தமிழில் "இல்லை" என்பது வினைக்குப் பின்னால், வரியின் கடைசியில் வருகிறது. நேற்றா நாளையா, நானா நீயா என்பதும் அங்கேதான் தங்கியிருக்கிறது. மூச்சு தீரும் இடமும் அதுவே. வரியின் கடைசியில் குரலைத் தொய்யவிட்டால் பொருளே தலைகீழாகிறது. இறங்காத மனத்தை இறங்கவைத்து அனுப்பியிருக்கிறேன்! ஏழு மாதம் நான் கேட்காததை ஒரு குழந்தை இருபது நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டது.

அதே தாளை இன்னும் மூன்று பெரியவர்களிடம் கொடுத்தேன். கோடுகள் பெரும்பாலும் அதே இடங்களில் விழுந்தன. ஒருவருக்கு மட்டும் விழும் கோட்டை விட்டுவிடலாம். நால்வருக்கும் ஒரே இடத்தில் விழுந்தால் அது பாட்டின் குறை.

அடுத்து எனக்குக் கிடைத்தது பெரும் பேறு. உடன் வேலை பார்க்கும் தோழியின் சித்தப்பா ஒலிப்பதிவுக் கூடத்தில் பல வருடம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தயங்கித் தயங்கி அந்த ஐயாவுக்கு அனுப்பினேன். உடனே அவர் பதில் எழுதவில்லை. "அம்மா, எதில் கேட்கட்டும்? ஹெட்போனிலா, செல்போனிலா? நீ எதில் கேட்டுச் செய்தாய்? உனக்கு எந்த இடம் சந்தேகம்?" என்று முதலில் கேள்விகள் கேட்டார். நான்கு நாள் கழித்து ஒரு பக்கம் எழுதி அனுப்பினார். ஒவ்வொரு வரியின் முன்னாலும் நிமிடமும் விநாடியும் இருந்தன. அந்தப் பக்கத்தை அச்சிட்டு என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

"0:21. இடது காதில் மூச்சு இரண்டு முறை கேட்கிறது. நீ குரலை இன்னொரு முறை பாடவில்லை, அதே பதிவைப் பிரதி எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறாய். செல்போனில் கேட்டால் குரல் குழாய்க்குள் போகிறது." உண்மை. அப்படித்தான் செய்திருந்தேன். ஒரே வரியை இருமுறை பாடி அடுக்கும் இரட்டைக் குரலை இயந்திரத்தால் செய்யும் வழியை 1966-ல் லண்டன் ஆபே ரோடு கூடத்தில் கென் டவுன்சென்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார், பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாடகர்கள் ஒவ்வொரு முறையும் இருமுறை பாட அலுத்துக்கொண்டதால். ஆனால் டவுன்சென்ட் ஒலிநாடாவின் வேகத்தை ஓயாமல் சிறிது அசைத்துக்கொண்டிருந்தார், நீயோ அசையாத பிரதியை வைத்தாய், அதனால் சில ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிட்டன என்று ஐயா விளக்கியிருந்தார். "உனக்கு அலுப்பில்லை என்றால் இன்னொரு முறை பாடு" என்று முடித்திருந்தார். பாடினேன். அந்த இடம் மலர்ந்தது.

"1:04. 'பகல் போன பின்னும்' என்ற வரியில் மூன்று பகரமும் மைக்கை அறைகின்றன. மைக்கை வாய்க்கு நேராக வைக்காதே, சற்று ஓரமாக, ஒரு சாண் தள்ளி வை." ஒட்டி நின்று பாடினால் குரல் தடிக்கும் என்று எங்கோ படித்து அப்படிச் செய்திருந்தேன். ஒருபக்கம் மட்டும் கேட்கும் மைக்குகளுக்கு அந்தக் குணம் உண்டு, கிட்டே போகப் போகக் கீழ் ஒலி பெருகும். ஏற்கெனவே நான் ஏற்றி வைத்த கீழ் ஒலியோடு இதுவும் சேர்ந்திருக்கிறது.

"முழுவதும். அறை பேசுகிறது. 300, 400 ஹெர்ட்ஸ் பக்கம் பெட்டிக்குள் பாடிய ஒலி. போர்வை கட்டினாயா?" கட்டியிருந்தேன். மெல்லிய துணி மேல் ஒலிகளை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும், கீழ் ஒலிகளும் நடு ஒலிகளும் சுவரில் மோதித் திரும்பி வந்துகொண்டே இருக்கும். ஆகவே குரல் பளபளப்பையும் இழந்தது, பெட்டிச் சத்தமும் போகவில்லை. மூலையை விட்டு அறையின் நடுப்பக்கம் வந்து, துணி அலமாரியைத் திறந்து வைத்து, தடித்த மெத்தையைச் சுவரிலிருந்து சற்று விலக்கி நிறுத்திப் பாடச் சொன்னார். பாதிக் குறை அங்கேயே தீர்ந்தது.

"1:30 முதல். சரணத்தில் நீ தாளத்தோடு நடக்கவில்லை, தாளம் வருகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்கிறாய்." இந்த வரி என்னை மிகவும் யோசிக்க வைத்தது, ஏனென்றால் தாளத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. தேடிப் பார்த்ததில் காரணம் கணினியில் இருந்தது. பாடும்போது என் குரலைக் கணினி வழியாக ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். 'பஃபர்' அளவு, அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை, 1024 என்று இருந்தது. விநாடிக்கு 44,100 மாதிரி எடுக்கும் பதிவில் அது 23 மில்லி விநாடித் தாமதம், போய் வருவதையும் சேர்த்தால் இன்னும் கூடுதல். என் குரலே எனக்குப் பிந்தி வந்ததால் தடுமாறியிருக்கிறேன். 128 ஆகக் குறைத்ததும் தடுமாற்றம் போய்விட்டது. "தாளம் சரியில்லை" என்று மட்டும் யாராவது சொல்லியிருந்தால் என் திறமையைச் சந்தேகித்து ஒதுங்கியிருப்பேன். இவர் எந்த இடத்தில், எப்படி என்று எழுதியதால் குறை இருந்த இடத்துக்கு நேராகப் போக முடிந்தது.

சுருதியைப் பற்றியும் ஒன்று. "குரல் சரியில்லை" என்று அந்த ஒருவர் சொன்ன பிறகு, பயந்துபோய் எல்லா ஸ்வரத்தையும் மென்பொருளால் நேராக்கியிருந்தேன். அந்த வகை மென்பொருளான ஆட்டோடியூன் 1997-ல் வந்தது, இன்று அது இல்லாத பாப் பாட்டைக் காண்பதே அரிது, அதில் எனக்கு எதிர்ப்பும் இல்லை. ஆனால் ஐயா எழுதினார்: "2:10-ல் ஒரு சிறு வளைவு இருந்திருக்க வேண்டும். அதை இஸ்திரி போட்டுவிட்டாய்." பழைய பதிவை எடுத்துக் கேட்டேன். வளைவு இருந்தது! நான் அறியாமல் வந்த வளைவு, அந்த வரியின் துயரமே அதில்தான் இருந்தது. இப்போது பாட்டு முழுவதிலும் இரண்டே இடத்தில்தான் திருத்தம்.

மாறுபட்ட கருத்துகள் வந்தால் என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்கும் வந்தது. பேஸ் ஒலி அறவே இல்லை என்றார் ஒரு தோழி. பேஸ் காதை அடைக்கிறது என்றார் இன்னொருவர். இருவரும் சொன்னது உண்மை. முதலாமவர் கேட்டது செல்போன் ஒலிபெருக்கியில். அந்தச் சிறு ஒலிபெருக்கிக்கு மிகக் கீழான ஒலிகளை எழுப்பும் வலு கிடையாது. இரண்டாமவர் கேட்டது நல்ல ஹெட்போனில். தவறு என்னுடையது. இரவில் மிகக் குறைந்த சத்தத்தில் வேலை செய்ததால் பேஸை அளவுக்கு மேல் ஏற்றியிருக்கிறேன். சத்தம் குறையக் குறைய நம் காது கீழ் ஒலிகளை விட்டுவிடுகிறது என்பதை 1933-லேயே ஃப்ளெச்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே கருத்து கேட்பவர்கள் எதில் கேட்டீர்கள் என்பதையும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். கருவியின் பெயர் இல்லாத கருத்து அரைக் கருத்து.

இன்னொரு மயக்கம் உண்டு, அதில் நான் வெகுநாள் கிடந்தேன். சத்தம் கூடியது சிறந்ததாகத் தோன்றும். பழைய கலவையையும் புதிய கலவையையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டி எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால், ஒரு டெசிபல் உரத்து ஒலிப்பதையே பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். அதை முன்னேற்றம் என்று நம்பி ஒவ்வொரு முறையும் உரக்கச் செய்து, கடைசியில் டிரம்ஸின் அடி தட்டையாகிவிட்டது. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களோ எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே உரப்புக்குக் கொண்டுவந்துதான் ஒலிபரப்புகின்றன. உரப்பை அளக்கும் எல்.யூ.எஃப்.எஸ். என்ற அலகில் அங்கே வழக்கமான அளவு மைனஸ் 14. நான் மைனஸ் 7-ல் அனுப்பினால் அவர்கள் 7 டெசிபல் இறக்கிவிடுவார்கள். நசுங்கிய அடி மட்டும் நசுங்கியபடியே மிஞ்சும். இரண்டையும் சம உரப்புக்குக் கொண்டுவந்த பிறகே பிறரிடம் ஒப்பிடக் கொடுக்க வேண்டும்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன்.

தங்கள் இணைப்பில் திரைப்பாடல்களுக்கு விமர்சனம் வருகிறது. விடாமல் படிப்பவள் நான். "மனதை வருடுகிறது", "துள்ளவைக்கிறது" என்று அவை கேட்பவரின் நெஞ்சைப் பற்றி எழுதுகின்றன, அதற்கு இடம் வேண்டியதுதான். ஆனால் வீட்டில் பாட்டு செய்யும் ஒருவர் அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. வாரம் ஒருமுறை அரைப் பக்கம் ஒதுக்குங்கள். வாசகர் ஒருவர் வீட்டில் செய்த ஒரே ஒரு பாட்டு. அதைக் கேட்க க்யூஆர் குறியீடு ஒன்றை அச்சிடுங்கள். ஒலி அறிந்த ஒருவர் நிமிடமும் விநாடியும் குறித்து எழுதட்டும். தமிழ் அறிந்த ஒருவர் எந்தக் குறில் நெடிலானது, எந்த ழகரம் கரைந்தது, எந்தச் சொல்லை மெட்டு நடுவில் பிளந்தது என்று எழுதட்டும். மூன்றாவதாக, இசையே கற்காத ஒரு வாசகர் காதில் விழுந்த வரிகளை எழுதிக் கொடுக்கட்டும், கோடுகளோடு. அந்த மூன்றாவது பகுதியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

மதிப்பெண் வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம். செய்தவர் விரும்பினால் பெயர் போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். குறையைச் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் அது பாடியதால் வந்ததா, பதிவால் வந்ததா, கலவையால் வந்ததா என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். பாடியதில் உள்ள குறையைக் கலவையில் தேடித் தேடியே என் ஏழு மாதத்தில் நான்கு மாதம் போயிற்று. அதேபோல், கைவைக்கக் கூடாத இடம் எது என்பதையும் குறிக்க வேண்டும். ஐயாவின் பக்கத்தில் அப்படி ஒரு வரி இருந்தது: "2:41. இங்கே மூச்சு கேட்கிறது. நீக்காதே." அதை மட்டும் அவர் எழுதாமல் இருந்திருந்தால், நான் நிச்சயம் அந்த மூச்சை வெட்டியிருப்பேன்.

இதைப் படிக்கும் வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ யாராவது தான் செய்த பாட்டை அனுப்பினால், நேரம் இல்லையென்றால் பிறகு கேட்கிறேன் என்று சொல்லிவிடுங்கள், அது போதும். கேட்டால் முழுவதும் கேளுங்கள். இசை தெரியாது என்று பின்வாங்க வேண்டாம். எந்த விநாடியில் உங்கள் மனம் வேறு எங்கோ போனது, எந்தச் சொல் விளங்கவில்லை, எந்த இடத்தை மறுபடி கேட்கத் தோன்றியது என்பதைச் சொல்ல சங்கீதம் கற்றிருக்க வேண்டியதில்லை.

தாங்கள் இந்தப் பகுதியைத் தொடங்கினால், முதல் பாட்டாக என்னுடையதையே அனுப்பத் தயாராக இருக்கிறேன், பெயரோடு. பல்லவியின் மெட்டை மாற்றி, மலையை மலையாகவே பாடி மறுபடி பதிந்துவிட்டேன். அக்கா மகள் இப்போது சரியாக எழுதுகிறாள். "இறங்கவில்லையே" என்பதும் கடைசி எழுத்துவரை கேட்கிறது. ஆனால் 48-ஆவது விநாடியில், கீபோர்டு உள்ளே வரும்போது குரல் அரை அடி பின்னால் போவதாக எனக்கு ஒரு சந்தேகம். ஐயா ஊரில் இல்லை. கேட்பவர்களை அந்த இடத்தைச் சற்றுக் கவனித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி